ஞாயிற்றுக்கிழமை மட்டும் அலறிய கார்

பாறசாலையில் காதை முழுதாகப் பயன்படுத்திய மனிதர் ஒருவர்தான். மற்றவர்களெல்லாம் அதைக் கண்ணாடி மாட்டுவதற்காக வைத்திருந்தோம்.

அவருடைய பெயர் யாருக்கும் தெரியாது. 'மிண்டாதே ஆசான்' என்று கேட்டால் பஸ் கண்டக்டர்கூட வழி சொல்வார். எங்கள் பக்கத்தில் மிண்டாதே என்றால் பேசாதே. ரயில் நிலையச் சாலையில் தகரக் கூரை ஒர்க்‌ஷாப். எஞ்சினைக் கிளப்பச் சொல்லிவிட்டு ஆசான் கண்ணை மூடுவார். அந்த நேரத்தில் எவர் வாயைத் திறந்தாலும் "மிண்டாதே!" தான். சாரே, அம்மா என்று மரியாதை பொழிகிற மனிதருக்குக் காது வேலை செய்யும்போது மட்டும் மரியாதை மறந்துபோகும். ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளர் ஒருவர் கும்பிட்ட கையோடு பத்து நிமிடம் மூச்சுவிடாமல் நின்றதை நானே பார்த்தேன். கடந்துபோகிற ரயிலிடமும் ஆசான் சொல்லிப் பார்த்திருக்கிறார். அது ஒன்றுதான் கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு வெள்ளைக் கார் உண்டு. கார்பரேட்டர் காலத்துச் சரக்கு. திங்கள் முதல் சனி வரை பரம சாது. ஞாயிறன்று கொல்லயிலில் இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து சபைக்குப் போகும்போது மட்டும், ஆக்சிலேட்டரில் கால் வைக்காமலே அலறும். ஒரு மெக்கானிக் கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினார். இன்னொருவர், மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகத்தை நிர்ணயிக்கிற ஐடிலிங் திருகைக் குறைத்து வைத்தார். அதன்பிறகு திங்கட்கிழமை முக்குக்கு முக்கு நின்றது; ஞாயிற்றுக்கிழமை பழையபடி அலறியது.

ஒரு ஞாயிறன்று அப்பா கிளச்சை விட்டதும் கார் துள்ளிப் பாய்ந்து சபை வாசல் பூந்தொட்டிகளை நொறுக்கியது. போதகர் அங்கியோடு மதிலைத் தாண்டினார். இனி இந்தக் கார் வேண்டாம் என்று அப்பா முடிவெடுத்துவிட்டார். அம்பூரியிலிருந்து ரப்பர் தோட்டக்காரர் ஒருவர் அடுத்த வாரம் திங்கட்கிழமை வந்து காரை வாங்கிக்கொள்வதாகப் பேச்சு.

அம்மா ஓய்வுபெற்ற டீச்சர். மூட்டுவலிக்காரி. சபையோ மேட்டின் உச்சியில். கார் போனால் அவளுக்குச் சபையும் போச்சு.

"நான் வீட்டிலயே இருந்து ஜெபிச்சுக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை. காரை எடுத்துக்கொண்டு ஆசானிடம் போனேன்.

கண்ணை மூடிக் கேட்டார். "ஒரு சூக்கேடும் இல்லியே மக்கா, வண்டி நல்லாத்தான இருக்கு."

"ஞாயிற்றுக்கிழம மட்டுந்தான் ஆசானே."

"அண்ணைக்கு யாரெல்லாம் கேறுவா?"

"அப்பா, அம்மை, பின்னால நான்."

"அப்ப அவியளும் இருக்கணும். ஞாயிறு நான் வாறேன். நோயாளியக் காட்டாம மருந்து கேக்கப்பிடாது, கேட்டியா?"

சொன்னபடி வந்தார். வெள்ளை வேட்டி, கையில் ஒரு ஸ்பானர்கூட இல்லை. பின்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடினார். அம்மா முன்சீட்டில் ஏறி, வேதமும் பாட்டுப் புத்தகமும் திணித்த பையை வழக்கம்போல் டாஷ்போர்டுக்கு அடியில் மாட்டினாள். கார் கிளம்பியது.

"ஆசானே, இந்த வண்டிக்கு என்னதான்..."

"மிண்டாதே!"

ஒரு பள்ளிக்கூடத்தையே அடக்கிய என் அம்மா வாயை மூடிக்கொண்டாள். அப்பா கண்ணாடி வழியாக ஆசானைப் பார்த்த பார்வையில் பக்தி இருந்தது.

இரண்டாவது குழியில் எஞ்சின் உறுமியது. ஐந்தாவது குழியில் அலறல். ஆசான் கண்ணைத் திறந்து, என் முழங்கையைத் தட்டி, அம்மாவின் பையைக் காட்டினார். அது மாட்டியிருந்தது கொக்கியில் அல்ல. கீழ்நோக்கித் துருத்தியிருக்கும் சோக் குமிழில். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப இழுத்துவிட்டு, சூடானதும் உள்ளே தள்ளிவிட வேண்டிய குமிழ் அது. வெளியே வந்தால் கார்பரேட்டருக்குக் காற்று குறையும், ஆக்சிலேட்டரை மிதித்ததுபோல் த்ராட்டிலும் கொஞ்சம் திறந்துகொள்ளும். ஒவ்வொரு குழிக்கும் வேதப் புத்தகத்தின் கனம் அதை இழுத்துக்கொண்டே வந்திருக்கிறது. சபை வந்ததும் அம்மா பையை எடுத்தாள், நீண்டிருந்த குமிழை ஒழுங்காக உள்ளே தள்ளினாள், இறங்கினாள். அலமாரிக் கதவு திறந்து கிடந்தாலே பொறுக்காதவள். தடயமே மிச்சமில்லை.

"அம்மா..." என்று வாயைத் திறந்தேன்.

"மிண்டாதே" என்றார் ஆசான். இந்த முறை மிக மெதுவாக.

பிறகு அப்பாவிடம் போய், "சோக் கேபிளாக்கும் சாரே. அரை மணிக்கூர் வேல. விக்காண்டாம்" என்றார்.

மறுநாள் காலை கேபிளுக்கு எண்ணெய் விட்டார். அம்மாவின் கைக்கு எட்டும்படி ஒரு பித்தளைக் கொக்கி அடித்தார். "டீச்சருக்கு மூட்டுவலி உண்டுல்லா, குனியாம பைய இதுல மாட்டலாம்" என்றார். ரப்பர்காரர் சாயா மட்டும் குடித்துவிட்டுப் போனார். "என்ன ஒரு மரியாத தெரிஞ்ச மனுஷன்!" என்று அம்மா ஊரெல்லாம் சொன்னாள்.

ஆசான் இப்போது நெய்யாற்றின்கரையில் மகள் வீட்டில் இருக்கிறார். அம்மா இன்றும் அதே காரில்தான் சபைக்குப் போகிறாள். போதகரை மதில் தாண்டவைத்தது தன் பைதான் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. இதை எழுதி அச்சுக்குக் கொடுத்துவிட்டு, இது வெளிவரும் இதழை வீட்டில் எங்கே ஒளித்துவைப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஊரையே அதட்டியவர், என் அம்மா மனம் நோகக்கூடாது என்று ஒருமுறை தணிந்து சொன்ன அந்தச் சொல்லை மீற எனக்கு மனசு வரவில்லை.