சீர்த்தட்டில் கை வைத்த ஊசி அண்ணாத்த

கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை ஒரு நிமிஷம் சும்மா இருக்கத் தெரியாத மனிதர் யாரென்று கேட்டால், கடற்கரை நண்டுகூட ஊசி அண்ணாத்தயைத்தான் காட்டும். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். வண்டி நின்றால் கால் ஆடும், கால் நின்றால் ஹாரன் அலறும்.

சர்க்கரை வியாதி வந்ததும் ஊசியையும் அதே அவசரத்தில் போட ஆரம்பித்தார். இரண்டு இன்சுலின். ராத்திரி போடுவது நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும்; அதற்கு ‘பாசஞ்சர்’ என்று பெயர் வைத்தார். சாப்பாட்டுக்கு முன் போடுவது சட்டென்று சர்க்கரையை இறக்கும், அது ‘எக்ஸ்பிரஸ்’. குப்பியிலிருந்து சிரிஞ்சில் இழுத்துக்கொண்டிருந்தவர், அதற்குப் பொறுமையில்லாமல் பேனா ஊசிக்கு மாறினார்.

“திருவு, குத்து, பத்து எண்ணு, எடு. சப்ப மேட்டரு சார். தொப்புளாண்ட மட்டும் குத்தக்கூடாது, தெனம் எடத்த மாத்தணும்” என்று சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டுவார். காலங்காத்தாலே யாருக்கு வேண்டும் இந்தத் தரிசனம்?

ஸ்டாண்டில் ஒரு வழக்கம். ஆள் நிறைந்ததும் வண்டியை எடுக்காவிட்டால் வரிசையில் கடைசிக்குப் போக வேண்டும். அன்று எக்ஸ்பிரஸைப் போட்டுக்கொண்டு அவர் இட்லிப் பொட்டலத்தைப் பிரிப்பதற்குள், நிச்சயதார்த்தத்துக்குப் போகிற மாப்பிள்ளை வீட்டார் சீர்த்தட்டுகளோடு ஏறி வண்டியை நிரப்பிவிட்டார்கள்.

“சாப்பிட்டுட்டு எடுங்க” என்றேன், ஆபீசுக்குப் போக டிரைவர் பக்கத்து சீட்டில் ஏறியிருந்த நான்.

“போயி துன்னுக்கலாம் சார், மொற பூடும்.” இட்லி டீக்கடை பெஞ்சிலேயே கிடக்க, வண்டி பறந்தது.

நெம்மேலி தாண்டவில்லை. அவருக்கு வியர்வை ஊற்றியது, கை நடுங்கியது, வண்டி எதிரே வந்த லாரிப் பக்கம் சாய்ந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. நான் கத்திய கத்தலில் ஓரங்கட்டியவர், திரும்பி சீர்த்தட்டுக் கற்கண்டை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

“சீர்த்தட்டுல கை வெக்கிறான் பாரு. குடிச்சிக்கீறான்” என்று எழுந்த மாப்பிள்ளையின் மாமாவுக்கு மேல்கம்பியில் தலை இடித்தது.

தட்டை வைத்திருந்த அத்தை அண்ணாத்த முகத்தைப் பார்த்தாள், மாமாவை அமர்த்தினாள். “நீ குந்து. எங்க வூட்டுக்காரருக்கும் இதே கததான். சுகரு எறங்கிட்ச்சி.” இன்னொரு பிடி அவளே ஊட்டினாள். “மென்னு முழுங்கு நைனா.”

“நல்ல நேரம் பூடுமே” என்றார் மாமா.

“போவட்டும். ஆளு போவக்கூடாது.”

அண்ணாத்த தெளிந்து, பக்கத்துக் கடையில் நான் வாங்கி வந்த இட்லியைத் தின்று முடிக்கும்வரை, பிடுங்கி வைத்திருந்த வண்டிச் சாவியை அவள் தரவில்லை.

இப்போது ஸ்டாண்டில் அவர் ஊசி போட்டால், சாப்பிட்டு முடிக்கும்வரை மற்றவர்கள் அவருடைய முறையைப் பிடித்து வைக்கிறார்கள். எனக்கு ஆபீசுக்கு நேரமாகிறது. கண்ணெதிரே வேறு வண்டிகள் போகின்றன. போகட்டும், அந்த மனுஷன் கடைசி வாயை விழுங்காமல் எனக்குக் கால் நகர மாட்டேன் என்கிறது.