முதலில் ஓடவேண்டியது என் கோப்பு

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. வீட்டில் எல்லாரும் சுகம். என் ரத்த அழுத்தம் மட்டும் சுகமில்லை, அதற்குக் காரணம் நீ. காலையிலிருந்து உன் போன் அணைந்து கிடப்பதால் மின்னஞ்சலில் திட்டுகிறேன். பொறுமையாக உட்கார்ந்து வாங்கிக்கொள்.

எங்கள் பல் டாக்டர் சொன்னதுதான் உனக்குத் தெரியுமே. வருகிறவர்கள் தங்கள் போனில் ஒரு லிங்கைத் திறந்தால் டோக்கன் எண் வரவேண்டும், இன்று மாலைக்குள் அதை நான் செய்து காட்டாவிட்டால் டோக்கன் மெஷின் வாங்கி வைத்துவிட்டு, வரிசை பார்த்துக் கூப்பிடும் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். "புரோகிராம் எழுதுற தளத்துல என் கணக்கு இருக்கே, அதுலயே எழுதுக்கா, தனியா எதுக்கு?" என்று நீதானே சொன்னாய், பெரிய வள்ளல்! அங்கே ஏற்கெனவே உன் கோப்பு ஒன்று இருந்தது. அடுத்தவர் எழுதியதைத் திறந்து பார்க்கும் பழக்கம் எனக்குக் கிடையாது, அதனால் அதன் பக்கத்திலேயே என் கோப்பை எழுதி முடித்து, இன்று ரன் பட்டனை அழுத்திவிட்டு, "எல்லாரும் லிங்கைத் திறங்க" என்று கம்பீரமாகச் சொன்னேன். எல்லார் போனிலும் இதயம் இதயமாகப் பறந்தது. "செல்லக்குட்டி, என்னைக் கல்யாணம் செய்துகொள்வாயா? 1. ஆமாம். 2. கண்டிப்பாக ஆமாம்."

ஒரு பெரியவர், "ஏம்மா, நான் பேரனே எடுத்தாச்சே!" என்றார். ஓர் அம்மாள் புருஷன் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "யாருங்க இவ?" என்று கேட்க, அந்த மனிதருக்குப் பல்வலியே போய்விட்டது. டாக்டர் கையில் ஊசியோடு வெளியே வந்து, "என்னம்மா இது, பல்லு புடுங்க வந்தவங்ககிட்ட சம்மதம் கேக்குறீங்க?" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டதுடா.

இங்கே முதல் நாற்காலியில் உட்கார்ந்தவர்தான் முதலில் உள்ளே போவார். அந்தப் புத்தியில் என் கோப்பின் பெயருக்கு முன்னால் ஒன்று என்று போட்டுப் பட்டியலில் உச்சிக்கு ஏற்றினேன். மறுபடியும் செல்லக்குட்டி. உன் கோப்பைக் கடைசிக்குத் தள்ளினேன். அப்பவும் செல்லக்குட்டிதான், சனியன்! வாயில் பஞ்சோடு உட்கார்ந்திருந்த ஒருத்தர், பேச முடியாமல் "ம்ம், ம்ம்" என்று திரை ஓரத்து மூன்று புள்ளியைக் காட்டினார். அழுத்தினேன். ஒளிந்திருந்த அமைப்புக் கோப்பு ஒன்று வந்தது, அதில் முதலில் ஓடவேண்டியது எது என்று ஒரே ஒரு வரி. அங்கே உன் கோப்பின் பெயரை அழித்து என்னுடையதைப் போட்டேன். அவர் தன் போனில் தட்டிக் காட்டினார்: "இனி அந்த லிங்கை யார் திறந்தாலும் உங்களுடையதுதான் வரும்."

வந்ததுடா! "உங்கள் எண் மூன்று. உங்களுக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கிறார்கள். பொறுமையாகக் காத்திருக்கவும். வலி தாங்க முடியாவிட்டால் அழைக்கவும்" என்று, கீழே எங்கள் கிளினிக் போன் நம்பரோடு. டாக்டர் சிரித்தார். என் வேலை எனக்கே.

அந்தச் செல்லக்குட்டி யாராக இருந்தாலும் நேரில் போய்க் கேள், மடையா. வேளைக்குச் சாப்பிடு. எல்லா நலமும் பெற்று, போனையும் எடுக்கிறவனாக நீ நீடூழி வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,

அக்கா.

பின்குறிப்பு: இதை அனுப்பப்போகும் நேரத்தில் கிளினிக் போன் அடித்தது. ஒரு பெண். இன்று காலை அவளுக்கு உன் கணக்கின் அதே லிங்கை அனுப்பி, "திறந்து பார், என் மனசு முழுக்க இதில்தான் இருக்கு" என்று எழுதிவிட்டுப் பயத்தில் போனை அணைத்துவிட்டாயாமே! வேலை முடிந்து இப்போதுதான் திறந்தாளாம். "என் நம்பர் ஏழாம். எனக்கு முன்னாடி ஆறு பேர் இருக்காங்களாம். யாருங்க அந்த ஆறு பேரு?" என்று கேட்டாள். நான் பழக்கதோஷத்தில், "கொஞ்சம் உக்காருங்கம்மா, வரிசைப்படிதான் கூப்பிடுவோம்" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். போனை ஆன் பண்ணுடா!