எந்தக் கரைக் கள்ளு

பயத்தில் ஆளைக் காட்டிக் கொடுத்தவர்கள் உண்டு. அடி தாங்காமல் காட்டிக் கொடுத்தவர்கள் உண்டு. நான் ரசனையால் காட்டிக் கொடுத்தேன். (இதைவிடக் கேவலமான காரணம் ஒன்றை நான் இன்றுவரை கேள்விப்படவில்லை.)

இதை எழுதவேண்டி வந்ததற்கு மருமகன்தான் காரணம். போன வருடம் கனடாவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். மருமகன் தங்கமான பிள்ளை. குடிப்பதென்றால் அளவோடுதான், ஆனால் குடிப்பதைப் பற்றிப் பேசுவதில் அளவில்லை. வீட்டுக் காராஜில் தானே பியர் காய்ச்சுகிறான். ஒரு பலகையில் நாலு குழி தோண்டி, நாலு குழியிலும் நாலு குட்டிக் கிளாஸ் வைத்து என் முன்னால் கொண்டுவந்தான்.

"மாமா, முதலாவதில தோடம்பழத் தோல் மணக்குதா? குடிச்சு முடிய, பின்னால பைன் மரம் வருதா?"

பைன் மரம் எனக்குப் பின்னால்தான் நின்றது, ஜன்னலுக்கு வெளியே. கடையில் விற்கிற பியரைக் குடிப்பவர்களைப் பற்றி அவன் சொன்னபோது அவனுடைய மேலுதடு இலேசாகச் சுழித்தது. அந்தச் சுழிப்பை எனக்குத் தெரியும். முப்பது வருடத்துக்கு முன் எங்கள் ஊர் நாவற்குடாவில் என் வீட்டுக் கண்ணாடியில் தினமும் பார்த்தது.

நான் கிளாஸைத் தொடுவதற்குள் என் மனைவி சந்திரா குசினிக்குள்ளிருந்து குரல் கொடுத்தாள்.

"அவரிட்டக் கேளாதிங்க மகன். அவர் ருசி சொன்னா ஆரும் ஒருத்தர் உள்ளுக்கப் போயிருவாங்க."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். மருமகனுக்கு விளங்கவில்லை. ஆகவே சொல்கிறேன்.

எங்கள் வாவிக்கு இரண்டு கரை. சூரியன் எழும்புகிற பக்கம் எழுவான்கரை, படுகிற பக்கம் படுவான்கரை. சண்டைக் காலத்தில் எழுவான்கரை ஆமியின் கையிலும் படுவான்கரை இயக்கத்தின் கையிலும் இருந்தன. நடுவில் தண்ணீர் மட்டும் பழையபடி இருந்தது. ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போவதென்றால் சென்றியில், அதாவது ஆமிக் காவலரணில், பெயர் பதிந்து, பையைத் திறந்து காட்டித்தான் போகவேண்டும். பதியாமல் தோணியில் போய்வந்தவன் என்று ஒருவனைப் பற்றிச் சொன்னால், மிச்சத்தை விசாரிக்கிறவர்களே கற்பனை செய்துகொள்வார்கள்.

நான் அப்போது டவுனில் ஒரு கந்தோரில் கிளாக்கர். கலியாணம் முடித்து ஒரு வருடம். நிவாரண வேலைக்கு வந்த ஒரு வெள்ளைக்காரருக்கு மொழிபெயர்க்க இரண்டு கிழமை என்னை அனுப்பினார்கள். ஒரு பின்னேரம் அவரைக் கள்ளுத் தவறணைக்குக் கூட்டிப்போனேன். நாங்களெல்லாம் கள்ளைச் சிரட்டையில் வாங்கினால் நுரையை ஊதிவிட்டு ஒரே மூச்சில் இறக்குகிற ஆட்கள். அவர் சிரட்டையைச் சுழற்றினார். மூக்கை உள்ளே விட்டார். ஒரு மிடறு வாயில் வைத்துக் கொப்பளித்தார். கண்ணை மூடிக்கொண்டு, "வாழைப்பழம். ஈரப் புல். கொஞ்சம் மழை" என்றார்.

தவறணையில் இருந்தவர்கள் அவருக்குப் பல்வலி என்று நினைத்தார்கள். எனக்கோ ஞானம் பிறந்துவிட்டது. இருபத்தேழு வயதுவரை நான் குடித்ததெல்லாம் குடியே இல்லை என்று பட்டது.

அவர் போய்விட்டார். வியாதி என்னிடம் நின்றுவிட்டது. கந்தோரிலிருந்து தடித்த மட்டை போட்ட மொனிட்டர் கொப்பி ஒன்று எடுத்துவந்தேன். ஒவ்வொரு ஞாயிறு பின்னேரமும் குடித்த கள்ளுக்குப் பெயர், குணம், பத்துக்கு இத்தனை புள்ளி என்று எழுதத் தொடங்கினேன். "முட்டியில் சுண்ணாம்பு கூடிவிட்டது, ஐந்து." "பழைய குடையின் மணம், ஆறு." "வருகை தாமதம், ஆனால் இறங்கியபின் தாக்கம் பலம், ஏழு." பக்கத்தில் இருந்து குடிப்பவர்களுக்கும் பாடம் எடுத்தேன். நான் வருவதைக் கண்டால் சிரட்டையோடு வெளியே போய் நின்று குடிக்கிற ஆட்கள் உண்டாகிவிட்டார்கள். அவர்களுக்கு நாக்கு இல்லை என்று கொப்பியில் எழுதிவைத்தேன்.

எனக்கு விருப்பமான கள்ளு சாமித்தம்பி அண்ணனுடையது. எழுவான்கரையில், எங்கள் நாவற்குடாவிலேயே ஆறு தென்னையைக் குத்தகைக்கு எடுத்துச் சீவுகிறவர். ஒரு நாள் அவருடைய கள்ளு வழமையைவிடக் கனமாக, ஒரு கசப்போடு இறங்கியது. நான் கண்ணை மூடினேன். வெள்ளைக்காரர் என் உடம்பில் வந்து ஏறினார்.

"அண்ணன், இது இஞ்சத்தக் கள்ளு இல்ல. படுவான்கரைக் கள்ளு. கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மண். வயல்வட்டைத் தண்ணி குடிச்ச மரம்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். கையிலிருந்த கள்ளுக் கானைக் கீழே வைத்தார்.

"நீங்க சொன்னாச் சரிதான் தம்பி."

அதன்பிறகு வாராவாரம் கேட்பேன், "அண்ணன், அந்தக் கரைக் கள்ளுத்தானே?" வாராவாரம் அதே பதில்தான். அவர் ஒரு நாளும் ஓம் என்று சொன்னதில்லை. எனக்கு அது விளங்கவில்லை. ரகசியம் காக்கிறார் என்று நினைத்து இன்னும் ஒரு புள்ளி கூட்டிப் போட்டேன்.

ஒரு திங்கட்கிழமை காலை கந்தோருக்குப் போகும் வழியில் சென்றியில் சைக்கிளை மறித்தார்கள். பையில் சாப்பாட்டுப் பார்சலும் கொப்பியும் இருந்தன. கொப்பியைப் புரட்டினவனுக்குத் தமிழ் கொஞ்சம் வாசிக்கத் தெரியும். அவனுக்கு முகம் மாறியது. பத்து நிமிடத்தில் நான் முகாமுக்குள், ஒரு அதிகாரியின் மேசைக்கு முன்னால் நின்றேன். அவர் நல்ல தமிழ் பேசினார். அது என் பயத்தைக் கூட்டியது.

"பழைய குடை யாரு?"

"சேர், அது ஆள் இல்ல. மணம்."

"வருகை தாமதம். இறங்கினபிறகு தாக்கம் பலம். எங்க இறங்குது?"

"தொண்டையில சேர்."

அவர் கொப்பியை என் பக்கம் திருப்பி ஒரு வரியில் விரலை வைத்தார். சா. மறுகரை. கனம். எட்டரை.

"எட்டரை மணிக்கா?"

கள்ளு என்றேன், புள்ளி என்றேன், வெள்ளைக்காரர் என்றேன், வாழைப்பழம் என்றேன், சா. என்றால் கள்ளு சீவுகிற சாமித்தம்பி அண்ணன் என்றேன். அரை மணித்தியாலம் அழாத குறையாக விளங்கப்படுத்தினேன். மெல்ல மெல்ல அவருடைய முகம் இளகியது. கொப்பி முழுக்க விசர்க்கதை என்று அவருக்கே பட்டுவிட்டது. ஒன்றே ஒன்றுதான் மிச்சம்.

"சா. எண்டது சாமித்தம்பி. கள்ளு சீவிற ஆள். அவர் மறுகரைக்குப் போறவரா? எங்கட பதிவில அப்பிடி ஒரு பேர் இல்லையே." நிமிர்ந்து பார்த்தார். "நீங்க சும்மா எழுதினீங்களோ? கள்ளில கரை எல்லாம் தெரியுமா?"

கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, போ தம்பி என்று அந்த மனிதர் சொல்லாத குறை. சும்மா எழுதினேன் சேர் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். மூன்று சொல். ஆனால் "கள்ளில கரை தெரியுமா" என்று அவர் கேட்ட தொனியில் ஒரு சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டது.

"சேர், என்ர நாக்கு பிழைக்காது. அது படுவான்கரைக் கள்ளுத்தான்."

அவர் ஒரு தாளில் எதையோ குறித்தார். எனக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார்கள். கொப்பியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். வெளியே வந்து சைக்கிளில் ஏறியபோது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? ஒரு பெரிய அதிகாரியே என் நாக்கை ஏற்றுக்கொண்டார் என்று பெருமையாக இருந்தது. (இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் அதுதான் உண்மை.)

அன்று மத்தியானமே சாமித்தம்பி அண்ணனைக் கொண்டுபோய்விட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை விடிய அவருடைய மனைவி பூமணி அக்கா எங்கள் வாசலில் வந்து நின்றா. உள்ளே வரச் சொன்னோம், வரவில்லை.

"தம்பி, மறுகரைக்குப் போறவர் எண்டு நீங்கதான் சொன்னதாம். எந்த மறுகரைக்கு அவர் போன? காலில ஆணி, மரம் ஏறுவார், தூரம் நடக்க மாட்டார். நீங்க குடிச்ச கள்ளு அந்தா, உங்கட வேலிக்கு அங்கால நிக்கிற மரத்துக் கள்ளு. உங்கட ஆடு கட்டிற மரம்."

நான் அந்த மரத்தைப் பார்த்தேன். ஆடு என்னைப் பார்த்தது.

"அப்ப அந்தக் கசப்பு?" என்று கேட்டேன். (ஓம், அந்த நேரத்திலும் கேட்டேன்.)

"அது முதல்நாள் மிஞ்சினது. வீசாம அதுக்குள்ள ஊத்திற. பாருங்க தம்பி, ரெண்டு நேரமும் பாளை சீவணும். ரெண்டு மூணு நாள் விட்டா வாய் அடைஞ்சு காய்ஞ்சிரும். ஆறு மரம். அவரைக் கொண்டு போனபிறகு அவர்ர மரத்தில ஏற ஒருத்தரும் வாறாங்க இல்ல, பயம். அதுக்குள்ள அவரைக் கூட்டி வாங்க. சொன்ன வாயால போய்ச் சொல்லுங்க."

போனேன் என்று எழுத ஆசைதான். அன்று போகவில்லை. காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு படுத்தேன். போய்ப் பொய் சொன்னேன் என்று சொன்னால் என்னை உள்ளே போடுவார்கள் என்ற பயம் பாதி. எனக்குக் கள்ளைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்று என் வாயாலேயே சொல்லவேண்டும் என்ற வெட்கம் மீதி. எது கூட என்று இன்றைக்கும் நான் நிறுத்துப் பார்க்கவில்லை. புதன்கிழமை காலை சந்திரா போர்வையை இழுத்து எடுத்தாள்.

"காய்ச்சலுக்கு எத்தின புள்ளி எண்டு சொல்லிப்போட்டு எழும்பிப் போங்க."

போனேன். அதிகாரி இல்லை, நாளைக்கு வா என்றார்கள். வியாழக்கிழமை சந்திராவும் பூமணி அக்காவும் கூடவே வந்து முகாம் வாசலில் வேம்புக்குக் கீழே நின்றார்கள். உள்ளே போய், எனக்குக் கள்ளைப் பற்றி ஒன்றும் தெரியாது சேர், எல்லாம் புழுகு என்றேன்.

அதிகாரி கதிரையில் சாய்ந்தார்.

"திங்கட்கிழமை நாக்கு பிழைக்காது எண்டு சொன்னீங்க. இண்டைக்குப் பிழைக்குமோ? சரி, பாப்பம்."

மூன்று தகரக் கோப்பைகள் வந்தன. மூன்றிலும் வெள்ளையாய், கொஞ்சம் நுரையாய். அவர் ஒரு தாளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டார். "ஒவ்வொண்டும் எந்தக் கரைக் கள்ளு எண்டு சொல்லுங்க. விடை இதில இரிக்கி. நீங்க சரியாச் சொன்னா நீங்க கெட்டிக்காரர், சாமித்தம்பி மறுகரைக்குப் போனவர். பிழையாச் சொன்னா நீங்க மடையன், அவர் வீட்ட போகலாம்."

பிழையாகச் சொல்வது மட்டும்தான் என் வேலை. வாழ்க்கையில் இதைவிட இலகுவான சோதனை எனக்கு வந்ததில்லை. முதலாவதைக் குடித்தேன். படுவான்கரை என்று பட்டது. ஆகவே, "எழுவான்கரை" என்றேன்.

அதிகாரி தாளைத் தூக்கிப் பார்த்தார். "சரி."

இரண்டாவது. எழுவான்கரை என்று பட்டது. "படுவான்கரை."

"சரி."

என் நாக்கு தலைகீழாக வேலை செய்கிறது. இனிப் பொய் சொன்னால் அது உண்மையாகிவிடும். அப்படியென்றால் அந்த மனிதனைக் காப்பாற்ற ஒரே வழி, நான் மனதார நினைப்பதை அப்படியே சொல்வது. மூன்றாவது கோப்பையை எடுத்தேன். சுழற்றினேன். மூக்கை விட்டேன். வாயில் வைத்துக் கொப்பளித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், நன்றாக இருந்தது.

"சேர், இதுதான் அந்தக் கரை. விடியச் சீவின கள்ளு. மெல்லிய புளிப்பு, பின்னால வாழைப்பழம். ஒன்பது புள்ளி."

அதிகாரி சிரிக்கத் தொடங்கினார். வாசலில் நின்ற காவல்காரன் சிரித்தான். கோப்பை கொண்டுவந்த சமையல்காரன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மூன்றாவது அவனுடைய குசினியில் இருந்த பழஞ்சோற்றுத் தண்ணி. முதல் இரண்டும் ஒரே கானில் வார்த்த ஒரே கள்ளு. தாளைத் திருப்பிக் காட்டினார். வெறும் தாள்.

சாமித்தம்பி அண்ணன் வெளியே வந்தபோது மத்தியானம். சாரம் கசங்கியிருந்தது, தாடி முளைத்திருந்தது. சிரிப்புச் சத்தம் அவர் இருந்த அறைக்கும் கேட்டிருக்கிறது.

"மூணாவது என்னவாம் தம்பி?"

"பழஞ்சோத்துத் தண்ணி அண்ணன்."

"ம்." கொஞ்சத் தூரம் நடந்தார். "உள்ளுக்க கொப்பியக் காட்டினவங்க. என்ர கள்ளுக்கு எட்டரை, இல்லையா?"

அவர் வீட்டுக்குப் போகவில்லை, நேராக மரங்களுக்குத்தான் போனார். நாங்கள் கீழே நின்றோம். ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார். ஆறாவதில் ஏறவில்லை, கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். ஆறு மரத்துப் பாளைகளும் வாய் அடைத்துவிட்டன. புதுப் பாளை வந்து பதமாகும்வரை அவர் ஒரு அரிசி ஆலையில் மூட்டை சுமந்தார், காலில் ஆணியோடு. நான் உதவி என்று எதையாவது கொண்டுபோனால் பூமணி அக்கா வாசலிலேயே நின்று, "வேணாம் தம்பி, இரிக்கி" என்று சொல்லி அனுப்பிவிடுவா.

எங்கள் குடும்பத்தில் இந்தக் கதை இன்றும் ஓடுகிறது. தேத்தண்ணி கொடுத்தாலும் குழம்பு வைத்தாலும் சந்திரா கேட்பாள், "எந்தக் கரை?" பிள்ளைகள் கேட்பார்கள். இப்போது கனடாவில் பேரப்பிள்ளையும் பால் போத்தலைக் காட்டிக் கேட்கிறது. எல்லோரும் பழஞ்சோற்றுத் தண்ணியில் கதையை முடித்துவிட்டுச் சிரிப்பார்கள். ஆறு மரத்தை யாரும் சொல்வதில்லை. நான் சொல்லத் தொடங்கினால் அதற்குள் சாப்பாடு வந்துவிடும்.

மருமகன் மட்டும்தான் கேட்டான், "அந்த அண்ணன் பிறகு உங்களோட கதைச்சவரா மாமா?"

கதைத்தார். அடுத்த வருடம் மறுபடி மரம் ஏறினார். நான் தவறணைக்குப் போனால் மற்றவர்களுக்கு வார்த்துவிட்டுக் கடைசியில் எனக்கும் ஒரு சிரட்டை வார்ப்பார். நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு எல்லோருக்கும் கேட்கக் கேட்பார்.

"எந்தக் கரைக் கள்ளு தம்பி?"

"நீங்க சொன்னாச் சரிதான் அண்ணன்."

தவறணையே சிரிக்கும். அவர் சிரிக்கமாட்டார். சிரட்டையை வாங்கிக் கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போவார்.