மாப்பிள்ளை உண்ணாநோன்பு முறித்த படலம்

"மனுஷனுக்கே இன்னும் ஒழுங்கா சமைக்க வரல, அதுக்குள்ள நாய்க்குச் சமைக்கப் போறியா?"

சமையலறை வாசலில் தோள் சாய்த்து நின்று, படியில் தொங்குவோரை அதட்டிப் பழகிய பேருந்துக் குரலில் இவ்வினாவைத் தொடுத்தவர் ஒரு டிரைவர். மார்பில் ஏற்றவள் அவர் மனைவி.

வாழ்க அவள்! கத்தரிக்கோல் ஏந்திய கையாள், அளவுநாடாவை வெற்றிமாலையென அணிந்த கழுத்தாள், தெருவில் உள்ள அத்தனை பேரின் இடுப்புச் சுற்றளவையும் அறிந்திருந்தும் ஒருவரிடமும் வாய்திறவாத பெருந்தகையாள், தையற்காரப் பெருமாட்டி, அவள் புகழ் பாடப் புகுந்தேன். ஆவி பறக்க அலறும் அலுமினியச் சங்கே, குக்கரே, என் சொல்லுக்குத் துணை நில்!

அப்பெருமாட்டிக்கும் ஒரு குறை உண்டு. அவள் சமைத்ததை எவரும் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கியதாக அவ்வீட்டு வரலாற்றில் செய்தி இல்லை. டிரைவர் டிப்போ கேன்டீனைச் சரணடைந்து நெடுநாளாயிற்று. அவருடைய டிபன் பாக்ஸ், அரசிழந்த மன்னனின் மணிமுடி போல அலமாரியில் கவிழ்ந்து கிடந்தது.

அவளை எதிர்த்து நின்றவனோ மாப்பிள்ளை. வீட்டுக்கு வந்த முதல் நாளே சோபாவின் நட்டநடுவில் கால்நீட்டிப் படுத்து, எழுப்பியவர்களை ஏற இறங்கப் பார்த்ததால் அப்பெயர் பெற்ற நாய். அந்நாளில் அவன் முதுகு, படைகள் மிதித்த புல்வெளிபோல முடி உதிர்ந்து சிவந்திருந்தது. சொறிந்தான், சுவரில் தேய்த்தான், சொறிந்த இடத்தையே மீண்டும் சொறிந்தான். கால்நடை மருத்துவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஆணையிட்டார்: "பாக்கெட் தீனி இவனுக்கு ஒத்துக்கல. வீட்டுச் சாப்பாட்டுக்கு மாத்துங்க. கலந்து கலந்து, கொஞ்சம் கொஞ்சமா."

மூண்டது போர். வெந்த கோழி, குழைந்த சோறு, பூசணி, உப்பென்னும் நான்காம் படை இல்லாத அந்த மூவகைப் படையை அவள் பழைய தீனியோடு கலந்து நிறுத்தினாள். மாப்பிள்ளையோ, ஆழ்கடலில் முத்தெடுப்பவன்போல மூக்கை அமிழ்த்தி, தீனி உருண்டைகளை மட்டும் ஒவ்வொன்றாக வெளிக்கொணர்ந்து, நக்கித் துடைத்து நொறுக்கி விழுங்கி, பூசணித் துண்டுகளைத் தட்டுக்கு வெளியே, தோற்ற படையின் பிணங்களென வரிசையாய்க் கிடத்திச் சென்றான்.

நாளடைவில் பாக்கெட்டின் அடி தெரிந்தது. தனித்த சோறு தட்டேறிய அன்று, மாப்பிள்ளை உண்ணாநோன்பு பூண்டான். தட்டு வைத்த திசைக்கு முதுகைக் காட்டிப் படுத்து, பெண் வீட்டார் மரியாதை செய்யாத சம்பந்தி போலப் பெருமூச்சு விட்டான். மறுநாள் காலையும் அதே முதுகு, அதே பெருமூச்சு. காக்கிச் சட்டைக்குள் ஒரு கையை மட்டும் நுழைத்திருந்த டிரைவர், இறுதி எச்சரிக்கையை முழங்கினார்:

"மத்தியானமும் அவன் சாப்பிடலன்னா, டூட்டி முடிஞ்சு வரும்போது புது பாக்கெட்டோடதான் வருவேன். பாவம், பட்டினி போட்டே கொன்னுடாத!"

புது பாக்கெட் வந்தால் பழைய சொறி வரும். அதோடு, வாசலில் தோள் சாய்த்துக் கேட்ட அக்கேள்வி, இனி அவள் அடுப்பு மூட்டும் ஒவ்வொரு முறையும் கேட்கப்படும். நண்பகல் வந்தது. தட்டு வைத்தாள். முதுகு அசையவில்லை.

மனம் நொந்த பெருமாட்டி தன் போர்த்தேராகிய தையல் மெஷினை அடைந்தாள். யாருடைய சட்டையிலோ ஒரு பொத்தான் குறைந்தது. தகர டப்பாவைத் திறந்து, நிறம் பார்த்தெடுக்க, உள்ளிருந்த பொத்தான்களை எல்லாம் ஓர் எவர்சில்வர் தட்டில் கவிழ்த்தாள்.

கலகலகலவென்றது தட்டு.

வில்லிலிருந்து விடுபட்ட கணைபோல, கரை உடைத்த வெள்ளம்போல, நாற்காலி சாய, நூற்கண்டு உருள, பாய்ந்து வந்து நின்றான் மாப்பிள்ளை! பொத்தான்களை முகர்ந்தான். அவளை ஏறிட்டான். அந்தப் பார்வையில் இருந்த வருத்தத்தைக் கண்டதும் அவளுக்கு விளங்கியது. தீனி கலகலவென்று விழும். சோறு தொப்பென்று விழும். விருந்து தொடங்கிவிட்டதென்று மாப்பிள்ளைக்கு இதுநாள்வரை சொல்லிவந்தது மூக்கல்ல, காது. சமையலில் குற்றமில்லை. முறைப்படி யாரும் அழைக்கவில்லை, அவ்வளவே!

பொத்தான்களை டப்பாவில் அள்ளி மூடியை இறுக்கினாள். சோற்றுத் தட்டின்மேல் அதை உயர்த்தி, முரசென ஆட்டி முழங்கினாள்:

"டேய் மாப்பிள்ளை! பந்தி போட்டாச்சு, வாடா ராசா!"

வந்தான். குனிந்தான். தலை தட்டில் மறைந்தது. கோழி வீழ்ந்தது, சோற்று மலை சரிந்தது, நேற்றுவரை தீண்டப்படாத பூசணியும் புறமுதுகிட வழியின்றி மாண்டது. வெறுந்தட்டு, நாவால் தள்ளுண்டு, வென்றவர் தேர்போல அறையைச் சுற்றி வலம் வந்து, முடிவு பார்க்க டூட்டி நடுவே வந்து வாசலில் நின்றிருந்த டிரைவரின் காலில் முட்டி நின்றது.

பெருமாட்டி ஒரு புருவத்தை மட்டும் உயர்த்தினாள். டிரைவர் அடுப்பங்கரை சென்று, சட்டியின் மூடியைத் திறந்து, ஒரு கோழித் துண்டை வாயிலிட்டு, நெடுநேரம் மென்றார்.

அப்புறம் அலமாரியிலிருந்த டிபன் பாக்ஸை எடுத்துக் கழுவி, மிச்சத்தைப் போட்டு, மேலே கொஞ்சம் உப்பு தூவிக்கொண்டு, மீண்டும் டூட்டிக்குப் போனார்.