அப்பாவுக்குக் காளியின் வார் எட்டிய விதம்

தூத்துக்குடி,
தசரா முடிந்த நான்காம் நாள்.

மதிப்பிற்குரிய ராஜதுரை மாமாவுக்கு,

உங்கள் அக்காள் மகள் பேச்சிச்செல்வி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மூவரும் நலம். குவைத்தில் உங்கள் நலமும் உங்கள் அறைப் பிரிட்ஜின் நலமும் அறிய ஆவல். போனில் சொன்னால் நடுவிலேயே சிரிப்பீர்கள் என்பதால் கடிதமாக எழுதிப் படம்பிடித்து அனுப்புகிறேன்.

"அத்தான் காளி வேஷம் போட்டா, ஏறி உக்கார சிங்கம் தாங்காதுலா" என்றீர்களே, அதற்குப் பதில்: அப்பா வேஷம் கட்டிவிட்டார். நீங்கள் தோற்றுவிட்டீர்கள். இனி விவரம்.

ஐந்து வருடத்துக்கு முன் அறுபத்தெட்டுக் கிலோவாகக் குவைத்துக்குப் போன அப்பா, ஆவணியில் தொண்ணூற்றொன்றாகத் திரும்பி வந்தார். காரணத்தை விசாரித்து நோட்டில் குறித்தேன். இங்கே உப்பளத்துக்கு சைக்கிள் மிதித்த மனிதர், அங்கே கிரேன் கூண்டில் பத்து மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். இறங்கினால் கம்பெனி வேன், வேனை விட்டால் லிஃப்ட், லிஃப்டை விட்டால் கட்டில். வெயிலில் நடக்க முடியாது, தாகத்துக்குக் கலர் சோடா. "சோறே திங்கல தாயி, வெறும் குப்பூஸ் ரொட்டிதான்" என்றார். "எத்தனைப்பா?" என்றேன். "எண்ணியா திம்பாவ?" என்றார்.

நான் நாலாவது படிக்கையில் எனக்கு டெங்கு வந்ததும், அப்பா அங்கிருந்தபடியே குலசை முத்தாரம்மனுக்குத் தசராவில் காளி வேஷம் கட்டுவதாக நேர்ந்துகொண்டது உங்களுக்குத் தெரியும். அந்தக் கடனைத் தீர்க்காமல் மறுபடி விமானம் ஏறுவதில்லை என்றுதான் லீவு போட்டு வந்தார். அம்மா முன்யோசனையாக, வேஷச் சாமான் செய்யும் செந்தூர்வேல் அண்ணாச்சியிடம் அளவுக்கு அப்பாவின் கல்யாணச் சட்டையைக் கொடுத்திருந்தாள். எட்டுக் கை பூட்டிய பலகையை முதுகில் வைத்து, தோல் வாரை நெஞ்சில் இழுத்தால், கொக்கிக்கும் ஓட்டைக்கும் நடுவே முழுதாக ஒரு சாண் வயிறு.

"காளிக்கு எட்டுக் கைன்னு சொன்னிய, ரெண்டு வயிறுன்னு சொல்லலியே?" என்றார் அண்ணாச்சி.

"வாரை நீட்டுங்க அண்ணாச்சி" என்றாள் அம்மா.

"அம்மன் காலடியில வச்சுப் பூசை போட்டாச்சும்மா. சாமியை நீட்ட முடியாது, ஆளைக் குறைங்க."

அப்பாவின் முகம் சுண்டிவிட்டது. மறுநாளே மாலை போட்டு நாற்பத்தொரு நாள் விரதம். மதியம் மட்டும் பச்சரிசிச் சோறு. காலையிலும் மாலையிலும் வெறுங்காலோடு உப்பளச் சாலையில் நடை. முதல் நாள் அடுத்த தெரு தாண்டியதும் ஆட்டோவுக்குக் கை நீட்டினார். நான் அந்தக் கையைப் பிடித்து நடத்தி வந்தேன். ஒன்பதாம் நாள் பேக்கரி வாசலில் நின்று, "மக்ரூன் சைவந்தானே தாயி, முந்திரிப் பருப்புதானே?" என்றார். "முட்டை வெள்ளையை அடிச்சுத்தான்பா மக்ரூன் செய்வாவ" என்றேன். பிறந்ததிலிருந்து தூத்துக்குடியில் மக்ரூன் தின்ற மனிதருக்கு இது தெரியவில்லை, மாமா! அந்தத் துக்கத்தில் ஒரு வேகம் பிறந்து, அன்று முதல் நான் ஓடித்தான் அவரைப் பிடிக்க வேண்டியிருந்தது.

பத்தாம் திருநாள். எண்பது கிலோ. குலசைக் கடலில் குளித்து, சிவப்புச் சேலை கட்டி, முகத்தில் சாயம் பூசி, அண்ணாச்சி வாரை இழுத்தார். அப்பா மூச்சைப் பிடித்தார். கடைசி ஓட்டையில் கொக்கி விழுந்தது! அம்மா போட்ட குலவையில் பக்கத்தில் நின்ற கரடி வேஷக்காரர் பயந்துவிட்டார். கனத்த கிரீடத்தோடு, தாரை தப்பட்டை முழங்க, கொதிக்கும் மணலில் கோயில்வரை அப்பா ஓர் இடத்திலும் உட்காரவில்லை. பின்னால் வந்த இளவட்டக் காளி இரண்டு முறை சோடா குடித்தது. அடையாளமே தெரியாமல் நானும் கூட்டத்தோடு குனிந்து காலைத் தொட்டுவிட்டேன். "ஏளா, நேர்ச்சை தீந்துட்டு" என்றது காளி. குரல் மட்டும் அப்பாவுடையது.

உங்களுக்கு நீண்ட ஆயுளும் குறுகிய இடுப்பும் அருள முத்தாரம்மனை வேண்டும்,
மருமகள் பேச்சிச்செல்வி,
ஒன்பதாம் வகுப்பு.

பின்குறிப்பு: வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்று சொந்தக்காரர்கள் நாற்பத்தொரு நாளும் பரோட்டா சால்னாவும் அல்வாவும் கொடுத்தனுப்பினார்கள். விரதக்காரர் கண்ணில் படக்கூடாதே என்று அவ்வப்போது நானே அப்புறப்படுத்தினேன். இன்று பள்ளியில் எடை பார்த்தார்கள். பொருள் அழிவதில்லை என்று எங்கள் அறிவியல் பாடத்தில் இருப்பது முற்றிலும் உண்மை. அப்பா இழந்த பதினொரு கிலோவில் ஏழு, குவைத் பார்க்காமலேயே, என்னிடம் பத்திரமாக இருக்கிறது.