பாப்பம்மாள் கரையேறாத காரணம்

பாலசமுத்திரம்,
சுபகிருது வருஷம், தை 7, ஞாயிறு.

சிரஞ்சீவி சேனாதிபதிக்கு உன் அக்காள் கந்தம்மாள் ஆசி கூறி எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் நலம். அங்கே நீ நலமாக இல்லை என்பது நேற்று வந்த உன் கார்டிலிருந்து தெரிவதால் அதைத் தனியாக விசாரிக்கவில்லை. நீ அனுப்பிய பொங்கல் சீர், கரும்பு, மஞ்சள்கொத்து, சேலை எல்லாம் உன் மனைவி பாப்பம்மாள் கையால் பத்திரமாக வந்து சேர்ந்தன. சேலை நல்ல நிறம். வழக்கம்போலப் பொங்கல் முடிந்த பிறகு வந்தது என்று குறை சொல்லமாட்டேன். தைப்பூசத்துக்குப் பஞ்சாமிர்தம் போடுகிற வீட்டில் பொங்கல் எப்போது வந்தது, எப்போது போனது என்று யாருக்கு நினைவிருக்கும்.

இனி விஷயம். சீரைக் கொடுத்துவிட்டு அன்று சாயங்கால பஸ்ஸிலேயே திரும்பியிருக்க வேண்டியவள் இன்னும் ஏன் வரவில்லை என்று கேட்டிருக்கிறாய். கடைக்கு வந்த ஒருவர், அவள் பைஜாமா போட்டுக்கொண்டு ஆற்றில் மிதந்து போனதாகச் சொன்னாராம். இன்னொருவர், அவள் சண்முகநதியில் கழுத்தளவு தண்ணீரில் தவம் நின்றதாகவும் அவள் கையால் தன் குழந்தைக்குத் திருநீறு வாங்கியதாகவும் சொன்னாராம். இரண்டில் எது பொய் என்று கேட்கிறாய். இரண்டும் உண்மை. கார்டின் கடைசி வரியில், புதன்கிழமைக்குள் வராவிட்டால் அவள் அங்கேயே இருக்கட்டும், நான் வேறு ஏற்பாடு செய்துகொள்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். பிறகு அந்த வரிக்கு வருகிறேன்.

இதற்கெல்லாம் மூலம் எங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்திருக்கும் டிரில் டீச்சர் லீலா. அந்தப் பெண் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து, மலையிலிருந்து இறங்கி ஊரோரமாக ஓடுகிற ஆற்றைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். குளிக்கிறோம், துவைக்கிறோம், மாட்டைக் கழுவுகிறோம், ஒருவராவது அது போகிற பக்கம் கூடவே கொஞ்சம் போய்ப் பார்த்திருக்கிறோமா என்று ஒரு நாள் ஆசிரியைகள் அறையில் கேட்டாள். நான் தத்துவம் படித்தவள். இந்த மாதிரிக் கேள்விகளுக்குத் தண்ணீரில் இறங்காமலே பதில் சொல்லப் பழகியவள். ஆனால் மற்ற ஆசிரியைகள் எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். தலைமையாசிரியை என்பவள் ஒரு காரியத்தைத் தடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏற்பாடு செய்ய வேண்டும். தடுப்பதற்கு உருப்படியான காரணம் அகப்படாததால் ஏற்பாடு செய்தேன்.

நன்றாகத்தான் ஏற்பாடு செய்தேன். பொங்கல் கூட்டம் ஓய்ந்து ஊரார் தோட்டவேலைக்குத் திரும்பிவிடுகிற வியாழக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். ஊருக்குக் கீழே மருதமரத் துறையில் இறங்குவது, ஆற்றோடு போய், ஆள் நடமாட்டமில்லாத தென்னந்தோப்பில் ஏறிவிடுவது. தோப்பைத் தாண்டினால் சண்முகநதியில் காவடிக்காரர்கள் குளிக்கிற துறை வந்துவிடும். அங்கே வரைக்கும் போகவே கூடாது என்பது முதல் விதி. சேலை தண்ணீரில் காலைச் சுற்றும் என்று லீலா தொளதொளவென்று ஒரு பைஜாமாவும் முழங்கைச் சட்டையும் படம் போட்டுக் கொடுத்தாள். தையல் டீச்சர் வேலுத்தாய் துணி வாங்கப் பழனி அடிவாரத்துக்குப் போனாள். தை மாதத்தில் அடிவாரத்துக் கடைகளில் மொத்தமாக எந்த நிறத்துணி கிடைக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆறு பேருக்கும் மஞ்சள். வேலுத்தாய்க்கு நீச்சல் தெரியாது; அவள் தன் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்ள நாலு சுரைக்குடுக்கைகளும் சேகரித்தாள். எங்கள் உலர்ந்த சேலைகளை மூட்டையாகக் கட்டி நாகனின் மாட்டுவண்டியில் ஏற்றி, ரோட்டு வழியாகத் தோப்புக்குப் போய்க் காத்திருக்கச் சொன்னேன். இதில் என்ன தவறு என்று நீயே யோசித்துப் பார். நானும் நாலு நாளாக யோசிக்கிறேன்.

வியாழனுக்கு முதல் நாள் சீரோடு வந்த பாப்பம்மாள் கரும்பைத் துண்டு போட்டபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "நான் கரையில ஒக்காந்து பாக்குறேன் மதினி. ஒரு சோலியும் இல்லாம ஒக்காந்து எம்புட்டு நாளாச்சு" என்றாள். சரி, ஒரு நாள் தங்கிவிட்டுப் போகட்டும் என்று நானும் விட்டேன். காலையில் கணக்கு டீச்சருக்குக் காய்ச்சல். ஒரு உடை மிச்சம். நாங்கள் ஐந்து பேரும் துறையில் நின்று, கட்டைவிரலை நனைப்பதும் எடுப்பதுமாக, முதலில் யார் இறங்குவது என்று மரியாதை கொடுத்துக்கொண்டிருந்தபோது, மருதமரத்தின் பின்னாலிருந்து மஞ்சளாக ஒன்று ஓடிவந்து எங்கள் தலைக்கு மேலாகப் பறந்து தண்ணீரில் விழுந்தது. நடு ஆற்றில் உன் மனைவியின் தலை எழும்பியது.

"வாங்க, வெரசா வாங்க! தண்ணி வெதுவெதுன்னு கெடக்கு!"

வெதுவெதுப்பாவது ஒன்றாவது. கொடைக்கானல் குளிர் முழுவதும் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. நான் கேட்டது வேறு. "உனக்கு நீச்சல் தெரியும் என்று சொல்லவே இல்லையே?"

"ஆயக்குடியில எங்கய்யா கொய்யாத் தோட்டத்துக் கெணறு இருக்குல்ல மதினி, அதுல கைப்பிடிச் செவுத்து மேல இருந்து குதிப்பேன். ஒங்க தம்பி கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல."

இருபத்திரண்டு வருஷத்தில் நீ கேட்டதே இல்லையா, சேனாதிபதி?

அதற்குப் பிறகு நடந்ததை ஒழுங்காக எழுத முடியுமா என்று தெரியவில்லை, ஏனென்றால் ஒன்றும் நடக்கவில்லை. நீந்தினோம் என்பதே மிகை. முதல் வளைவு திரும்பியதும் ஆறு எங்களை வாங்கி வைத்துக்கொண்டது. மல்லாந்து கிடந்தால் போதும். கால்மாட்டில் மலை நின்றது, அதன் மடிப்புகளில் வெயில் இன்னும் இறங்காமல் நீலமாக இருந்தது; தலைமாட்டில் எங்கேயோ பழனி. நடுவில் இருந்த வானத்தில் ஒரு வெள்ளை மேகம் எங்களோடு வருவதா வேண்டாமா என்று தீர்மானிக்காமல் நின்றது. புளியங்கிளைகள் மேலே வந்து மேலேயே போயின. எங்கோ ஆலையில் கரும்புச்சாறு காய்ச்சுகிற வாசனை தண்ணீரின் மேல் படுத்துக்கொண்டு கூடவே வந்தது. மணல்திட்டில் நின்ற நாரை ஒன்று, வருஷத்துக்கு ஒரு முறை பள்ளிக்கு வருகிற இன்ஸ்பெக்டரைப் போலத் தலையைச் சாய்த்து எங்களைப் பார்த்துவிட்டு, குறிப்பிடத்தக்கதாக ஒன்றுமில்லை என்று திரும்பிக்கொண்டது. வேலுத்தாய் சுரைக்குடுக்கைகளின் மேல் நிஜமாகவே தூங்கிவிட்டாள். லீலா அவள் காலைப் பிடித்துத் தோணி மாதிரி இழுத்து வந்தாள். என் மனத்தில் எந்த நேரமும் இரண்டு மூன்று ஆட்சேபணைகளாவது இருக்கும் என்பது உனக்குத் தெரியும். அந்த வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் நடுவில் ஒன்றுகூட இல்லை. தேடிக்கூடப் பார்த்தேன்.

பாப்பம்மாள் என் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு மிதந்தாள். "மதினி, எனக்கு எடையே இல்ல" என்றாள். கொஞ்ச தூரம் போனபின், "கல்யாணமாகி வந்ததுலருந்து என்னைய யாரும் எங்கயும் கூட்டிட்டுப் போனதில்ல. இது பாருங்க, கேக்காமயே கூட்டிட்டுப் போவுது" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பதுபோலச் சொன்னாள்.

தோப்பு வந்துவிட்டது. கரையில் நாகன் மூட்டையோடு நின்று, "இங்கிட்டு டீச்சரம்மா, இங்கிட்டு!" என்று கையை ஆட்டினான். நாங்கள் கரைப்பக்கம் திரும்பினோம். பாப்பம்மாள் திரும்பவில்லை. "இன்னுங் கொஞ்சந் தூரம்" என்று சொல்லிக்கொண்டே எங்களைக் கடந்து போனாள். பள்ளிக்கூடம் முழுவதையும் அடக்குகிற என் குரலில் கூப்பிட்டேன். ஆறு அந்தக் குரலையும் வாங்கிக்கொண்டு போய்விட்டது. தம்பி மனைவியைத் தனியாகத் தண்ணீரோடு அனுப்பிவிட்டு உனக்கு என்ன பதில் சொல்வது? நான் பின்னால் போனேன். என் பின்னால் மற்றவர்கள். தலைமையாசிரியை போகும்போது அவர்கள் என்ன செய்வார்கள்? "சேலை! சேலை!" என்று நாகன் கத்தியது தேய்ந்துகொண்டே வந்தது. அங்கே கரையோரம் வண்டிப்பாதை கிடையாது. அவன் ரோட்டைச் சுற்றித்தான் வர வேண்டும்.

கடைசி வளைவில் மேளச்சத்தம் கேட்டது. பாலம் தெரிந்தது. படித்துறை நிறையக் காவடிக்காரர்கள். காலை ஊன்றி நின்றுவிட்டோம், தண்ணீர் கழுத்தளவு. அதற்கு மேல் ஓரடி முன்னால் வைத்தால் பைஜாமா வெளியே தெரியும். ஆகவே ஆறு பெண்கள், மஞ்சள் உடையில், ஒரே வரிசையில், அசையாமல், பேசாமல் நின்றோம். குளிரில் வேலுத்தாயின் உதடுகள் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. மேளம் நின்றது. கூட்டத்துக்குத் தலைவர் போலிருந்த பெரியவர் படியில் இறங்கி வந்து, வேலுத்தாயின் உதடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"என்ன வேண்டுதல் தாயி?"

நடந்ததை உள்ளபடி விளக்க நான் வாயைத் திறந்தேன். தண்ணீருக்குள் பாப்பம்மாள் என்னைக் கிள்ளினாள்.

"அவுக பேசப்படாதுங்கய்யா. உத்தரவு வர்ற வரைக்கும் கரையேறவும் படாது."

"உத்தரவு எங்கிட்டிருந்து வருது?"

"வண்டியில வருதுங்க."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதை நீ கவனிக்க வேண்டும். பெரியவரும் எந்த ஆச்சரியமும் படவில்லை. பால்காவடி, பூக்காவடி, மச்சக்காவடி எல்லாம் பார்த்தவர். "இத்தனை வருசம் வர்றோம், நம்ம செட்டுல இது யாருக்கும் தோணலியேப்பா" என்று பின்னால் நின்றவர்களைக் கடிந்துகொண்டார். எங்களுக்கு முன்னால் தேங்காய் உடைத்தார்கள். வாழையிலையில் கற்பூரம் ஏற்றி மிதக்கவிட்டார்கள். அது சுற்றிச் சுற்றி என் தாடைக்கே வந்ததால் நான் மெதுவாக ஊதி அனுப்ப வேண்டியிருந்தது, அதையும் கும்பிட்டார்கள். ஒருத்தி கைக்குழந்தையைக் கொண்டுவந்து நீட்டினாள். அவள் தட்டிலிருந்த திருநீற்றையே எடுத்துப் பாப்பம்மாள் பூசிவிட்டாள். பூசிவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா? "மலையிறங்கி வரயில பஞ்சாமிர்தம் வாங்குனா, அடிவாரத்துல சேனாதிபதி கடையில வாங்குங்க தாயி. பழம் நல்ல பழமாப் போடுவாக." கழுத்தளவு தண்ணீரில், பல் கிட்டிக்க நின்றுகொண்டு. உன்னிடம் வந்து புகார் சொன்ன இருவரும் வேறு எத்தனையோ கடை இருக்க உன் கடைக்கு எப்படி வந்தார்கள் என்று நினைக்கிறாய்?

கடைசியில் நாகன் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடிவந்தான். "உத்தரவு வந்துருச்சு!" என்று கூட்டம் விலகி வழிவிட்டது. பெண்கள் குலவையிட்டு எங்களைச் சுற்றித் துணியைப் பிடித்தார்கள். நாகனையும் நாலைந்து பேர் கும்பிட்டார்கள். அவன் அதன் பிறகு என்னிடம் வாடகை வாங்க மறுத்துவிட்டான்.

இப்போது அந்தக் கடைசி வரி. பாப்பம்மாள் கார்டை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். நான் முழுவதும் படித்தேன். அந்த ஒரு வரியை விட்டிருக்கலாம். கேட்டுவிட்டு, "வேற ஏற்பாடுன்னா, பழம் பிசையறதுக்கா மதினி, இல்ல..." என்றாள். உள்ளே போய்விட்டாள். ராத்திரி சாப்பிடவில்லை. இன்று காலையும் சாப்பிடாமல் தட்டில் விரலால் கோலம் போட்டாள். எனக்கு எவ்வளவோ கேள்விகளுக்குப் பதில் தெரியும்; இதற்கு உனக்குத்தான் தெரியும். அதை அவளிடம் சொல்.

மற்றபடி நீ கவலைப்பட வேண்டாம். புதன்கிழமை முதல் பஸ்ஸில் அவளை ஏற்றிவிடுகிறேன். நீச்சல் ஏற்பாடு அடியோடு கைவிடப்பட்டது. மஞ்சள் உடைகளை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். லீலாவை அழைத்துக் கண்டித்தேன். பாப்பம்மாள் இனி ஆற்றுப் பக்கமே போவதில்லை என்று ஒப்புக்கொண்டு, இப்போது பின்கட்டில் அமைதியாகத் தலை உலர்த்திக்கொண்டிருக்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். கோபம் வந்தால் கவரில் எழுது. கார்டைத் தபால்காரர் எனக்கு முன்னால் படித்துவிடுகிறார். மலைமேல் இருப்பவரோடு எனக்கு அதிகப் பழக்கமில்லை. இருந்தாலும் உன்னையும் உன் வீட்டையும் நன்றாக வைத்திருக்கும்படி உன் சார்பில் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அக்காள்,
கந்தம்மாள்.

பின்குறிப்பு: இதை ஒட்டுவதற்குப் பசை தேடிக்கொண்டிருந்தபோது நீயே வாசலில் வந்து நின்றாய். "எங்க அவ?" என்றாய். பின்கட்டில் என்றேன். பின்கட்டில் யாரும் இல்லை. பீரோ திறந்து கிடந்தது. எனவே மேலே நான் உறுதியாக எழுதியவற்றை நீ பொருட்படுத்த வேண்டாம். நாம் இருவரும் மருதமரத் துறைக்குப் போனபோது லீலாவும் வேலுத்தாயும் கரையோரத்தில் இருந்தார்கள், உன் மனைவி நடுவில் இருந்தாள்.

"ஏய் பாப்பா! வெளிய வா, பஸ்சுக்கு நேரமாச்சு!" என்றாய்.

"வேற ஏற்பாடுன்னா என்னங்க?" என்று திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"தைப்பூசத்துக்குப் பழம் உரிக்க ரெண்டு ஆளு வைக்கலாம்னேன். வேற என்ன?"

"அத அந்தக் கார்டுலயே எழுதறதுக்கு என்ன?"

"கார்டுல எடம் பத்தல."

அவள் சிரித்தாள். அக்கரை வரைக்கும் கேட்டது. நீ சட்டையைக் கழற்றி, கடிகாரத்தை அதற்குள் வைத்து மடித்து என் கையில் கொடுத்தாய். அவளைக் கையைப் பிடித்து இழுத்து வரத்தான் இறங்கினாய் என்று நான் நினைத்தேன். நீயும் அப்படித்தான் நினைத்தாய். இடுப்பு வரைக்கும் அதட்டிக்கொண்டே போனாய். மார்பு வரைக்கும் போனதும் அதட்டல் நின்றுவிட்டது. "காலை விடுங்க. நான் புடிச்சிருக்கேன்ல" என்று அவள் சொன்னதும், நீ விட்டதும், முதுகுக்கு அடியில் அவள் உள்ளங்கையும் இடுப்பில் வேலுத்தாயின் சுரைக்குடுக்கைகளுமாக வானத்தைப் பார்த்துக் கிடந்ததும் எனக்குத் தெரியும். கடைசி பஸ் போன சத்தம் எனக்குக் கேட்டது. உனக்கும் கேட்டிருக்கும், நீ தலையைத் தூக்கவில்லை.

துறையிலேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன்; வெயில் மலைக்குப் பின்னால் போய்விட்டது. உங்கள் இரண்டு தலைகளும் முதல் வளைவைத் தாண்டிக்கொண்டிருக்கின்றன. நாகன் வண்டியைப் பூட்டிவிட்டு, "எந்தத் தொறையில நிறுத்தட்டும் டீச்சரம்மா?" என்கிறான். கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்தால், கேட்கிற தூரத்தில் நீங்கள் இல்லை.