நறுக்கிய ஆப்பிள் கறுக்கவே இல்லை

அன்புத் தங்கை ஜோவிதாவுக்கு, உக்கடத்திலிருந்து அண்ணன் அந்தோணிராஜ் எழுதுவது. ஆண்டவர் அருளால் இங்கு யாவரும் நலம். பொள்ளாச்சியில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அவ்விதமே இருக்க மன்றாடுகிறேன். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய் என்பதால் எழுதுகிறேன்.

இரண்டு வரன்கள் தட்டிப்போன பிறகு நீ பார்த்துச் சொன்ன மதுக்கரை ஜேக் தம்பியும் அவருடைய பெற்றோரும் ஞாயிறன்று நம் லின்சியைப் பெண் பார்க்க வந்தார்கள். பிரமாதமாக நடந்தது! காரணம், ஆக்சிஜனேற்றம். முந்தின வாரம் பங்கு மருத்துவ முகாமில் டாக்டரம்மா சொன்னார்: இரும்பு துருப்பிடிப்பது, தேங்காய் எண்ணெயில் காறல் வாடை வருவது, நறுக்கிய ஆப்பிள் கறுப்பது, நம் உடம்பு தேய்வது எல்லாவற்றிலும் ஆக்சிஜனின் கைவரிசை இருக்கிறதாம். எலுமிச்சை பிழிந்தால் ஆப்பிள் கறுக்காதாம். எனக்கு ஒரே பரபரப்பு, ஜோவிதா! சம்பந்தி வரும் நாளில் இந்தத் திருடனை வீட்டுக்குள் விடலாமா? காலையிலேயே வாசல் கேட்டின் துருவைச் சுரண்டி ரெட் ஆக்சைடு பூசினேன். ஜேக்கின் அப்பா செருப்பைக் கழற்ற அதில் சாய்ந்ததில் வெள்ளை வேட்டி சிவந்துவிட்டது. போகட்டும், இனி அந்த வேட்டி துருப்பிடிக்காது. ஆப்பிளுக்குப் பிழிந்தேன், வாழைப்பழத்துக்குப் பிழிந்தேன், எண்ணெய்ப் பண்டமாயிற்றே என்று முறுக்குக்கும் பிழிந்தேன். "ஏனுங்க, இது ஆப்பிள் ஊறுகாயுங்களா?" என்று சம்பந்தியம்மாள் கேட்டார். ருசி தெரிந்தவர்! கடைசிவரை ஒரு துண்டும் கறுக்கவில்லை, ஒரு துண்டும் குறையவுமில்லை. உன் அண்ணி அருள்செல்வி பார்க்காத நேரம் காப்பிப் பாலுக்கும் அரை மூடி பிழிந்துபோட்டேன். காப்பி கொஞ்சம் திரிதிரியாக வந்தது. "உங்களைக் கட்டுன நாள்ல இருந்து எனக்குத்தானுங்க துருப்பிடிக்குது" என்று உள்ளேயிருந்து கத்தினாள். "ஊட்டுக்குப் போயி பேசிப்போட்டுச் சொல்றோமுங்க" என்று அவர்கள் அவசரமாகக் கிளம்பினார்கள். கல்யாண வேலை அவர்களுக்கும் இருக்குமல்லவா! நீ தேதி பார்க்கலாம்.

தேவமாதா உங்கள் குடும்பத்தைக் காக்கட்டும். மாப்பிள்ளைக்குத் தினம் ஒரு நெல்லிக்காய் கொடு, உடம்பு துருப்பிடிக்காது.

அன்பு அண்ணன்,
அந்தோணிராஜ்

பி.கு.: அத்தை, நான் லின்சி. தபாலில் போடச் சொல்லி அப்பா கொடுத்ததைப் படித்துவிட்டேன். தேதி எதுவும் பார்க்காதீர்கள். அன்று சாயந்திரமே அவர்கள் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். அப்பாவிடம் சொல்ல எனக்கும் அம்மாவுக்கும் வாய் வரவில்லை. ஆனால் அத்தை, மற்றவர்கள் வாயில் வைக்காத அந்தக் காப்பியை ஜேக் மட்டும் கடைசிச் சொட்டு வரை குடித்தார். டம்ளரை வாங்கும்போது ஏன் என்று கேட்டேன். "உங்கப்பா அத்தனை ஆசையாப் பாத்துட்டு நின்னாருங்க, கீழ வெக்க மனசு வரலீங்க" என்றார். எனக்கு இவர்தான் வேண்டும். நீங்களே மதுக்கரைக்கு ஒரு நடை போய் அவர் வீட்டில் பேசுங்கள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம்.